கொழுந்தைக் கறுக்கவைக்கும் செம்பு

மனிதத் தோலுக்கு நிறம் தரும் சாயத்தின் பெயர் மெலனின். அதை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. மேல்தோலின் அடியடுக்கில் ஆங்காங்கே அமர்ந்திருக்கும் மெலனோசைட் என்ற கலங்கள் அதைச் செய்து, சிறு பொட்டலங்களாகக் கட்டி, சுற்றியுள்ள தோற்கலங்களுக்கு அனுப்புகின்றன. ஒரு மெலனோசைட் ஏறத்தாழ 36 தோற்கலங்களுக்குச் சாயம் வழங்குகிறது. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் இந்தக் கலங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். பொட்டலங்களின் அளவும், அவற்றில் உள்ள சாயத்தின் வகையும், அவை பரவியிருக்கும் விதமுமே நிறத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. இவற்றை முடிவு செய்வது பெரும்பாலும் பரம்பரை.

சாயத்துக்கான மூலப்பொருள் தைரோசின் என்ற அமினோ அமிலம். அதை மெலனினாக மாற்றும் முதல் வேலையைத் தைரோசினேஸ் என்ற நொதியம் செய்கிறது. அந்த நொதியத்தின் நடுவே இரண்டு செம்பு அணுக்கள் பொருந்தியிருக்கின்றன. ஒட்சிசனைப் பிடித்துத் தைரோசின் மீது ஏற்றுவது அந்த இரண்டு அணுக்கள்தாம். அவை இல்லாவிட்டால் நொதியம் வெறும் புரதமாகக் கிடக்கும், சாயம் பிறக்காது.

இதே வேலை இலங்கையின் சப்பிரகமுவத் தோட்டங்களில் நாள்தோறும் டன் கணக்கில் நடக்கிறது. ஆனால் அங்கே அது நடப்பது தோலில் அல்ல, தேயிலையில். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டத்து ஸ்டோருக்குள் பச்சையாகப் போகும் கொழுந்து கறுப்பாக வெளியே வருகிறது. மேல்மாடியில் வாடவிட்ட கொழுந்தை உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த துவர்ப்புப் பொருள்களும் பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற நொதியமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்று பட்டதும் இலை செம்பழுப்பாகிறது, அந்த வாசனை ஸ்டோர் முழுக்கப் பரவுகிறது. தேயிலைக்காரர்கள் இதை நொதித்தல் என்று சொன்னாலும் இங்கே எந்தக் கிருமியும் வேலை செய்யவில்லை. வேலை செய்வது அந்த நொதியம். அதன் நடுவிலும் செம்புதான். தோலில் உள்ள தைரோசினேஸும் இலையில் உள்ள ஒட்சிடேஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெட்டிய ஈரப்பலாக்காய் கறுப்பதும், நறுக்கிய வாழைப்பூ கறுப்பதும் இந்தக் குடும்பத்தின் கைவரிசைதான். வெட்டிய துண்டுகளைத் தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரில் போடுகிறவர்கள் புளிப்பால் அந்த நொதியத்தை அடக்கிவைக்கிறார்கள். கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களுக்கும் இதில் பங்குண்டு. வெட்டி எடுத்த பாலும் இதே வகை நொதியத்தால் நிறம் மங்கும். வெளிர் நிறக் கிரேப் இறப்பர் செய்யும்போது பாலில் சோடியம் பைசல்பைட் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான்.

தேயிலையைக் கொண்டே செம்பின் பங்கு நிரூபிக்கப்பட்டதும் உண்டு. ஆபிரிக்காவின் நியாசலாந்தில், அதாவது இன்றைய மலாவியில், சில தோட்டங்களின் கொழுந்து எவ்வளவு உருட்டியும் சரியாக நிறம் மாறாமல் பச்சையாகவே நின்றது. மண்ணில் செம்பு போதாமையே காரணம் என்று 1950களில் தெளிவானது. செடிக்குச் செம்பு தெளித்த பிறகு இலை வழக்கம்போல் நிறம் மாறியது. கொழுந்துக்குச் செம்பு குறைந்தால் நடப்பது தோலுக்குச் செம்பு குறைந்தாலும் நடக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

விலங்குகளில் அது நடக்கிறது. தென் அவுஸ்திரேலியாவில் செம்பு குறைந்த புல்வெளிகளில் மேய்ந்த கறுப்பு ஆடுகளின் மயிர் நரைத்து வளர்ந்தது. சுருளும் போய் நூல் போல நீண்டது. செம்பு கொடுத்தால் அதற்குப் பின் வளரும் பகுதி கறுக்கும், நிறுத்தினால் மறுபடி வெளுக்கும். மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது ஒரே மயிரில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் விழுந்தன. தீனியில் மொலிப்டினமும் கந்தகமும் மிகுந்தால், செம்பு போதிய அளவு இருந்தும் வயிற்றிலேயே அது கட்டுண்டு போகும். கறுப்பு மாடுகளில் இதன் முதல் அடையாளம் கண்ணைச் சுற்றித் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் அங்கே மயிர் வெளுத்துவிடும். லயத்துக்குப் பின்னால் மாடு வளர்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளம் இது.

மனிதரில் இதற்கு நேர்நிகரான நோய் மிக அரிது. 1962இல் ஜோன் மென்கஸ் என்ற மருத்துவர் விவரித்த பரம்பரை நோயில், குடலிலிருந்து செம்பை உள்ளே அனுப்பும் புரதம் பழுதுபட்டிருக்கும். இந்தப் புரதம்தான் மெலனோசைட்டுக்குள் தைரோசினேஸுக்குச் செம்பை ஊட்டுவதும். அந்த நோயோடு பிறக்கும் ஆண் குழந்தைகளின் தலைமயிர் வெளிறி, முறுக்கேறி, தொட்டால் உடையும். தோலும் வெளிறியிருக்கும். மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவதால் நிறம் அங்கே இரண்டாம் பட்சக் கவலை. மற்றபடி ஒரு வளர்ந்த மனித உடம்பில் இருக்கும் மொத்தச் செம்பு ஏறத்தாழ 100 மில்லிகிராம், நாலைந்து அரிசி மணிகளின் எடை. நாளொன்றுக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. பருப்பு, பலாக்கொட்டை, எள், கஜு, தேங்காய், ஈரல் என்று தோட்டத்து அடுப்படியில் புழங்கும் பொருள்களிலேயே அது கிடைத்துவிடும். சாப்பாட்டில் செம்பு குறைந்து ஒருவரின் தோல் வெளுப்பது சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல. செம்புக் குடத்தில் இரவு முழுவதும் ஊறிய தண்ணீர் தோலுக்கு நிறம் கொடுக்கும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடையாது.

செம்புக் குறைபாடு வருவதென்றால் பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வரும். நாகச் சத்து மாத்திரைகளை மாதக்கணக்கில் அளவுமீறி விழுங்குகிறவர்களுக்கும் வரும். தமிழகத்தார் துத்தநாகம் என்று சொல்லும் இந்த உலோகம் மிகுந்தால், குடற்கலங்கள் உலோகத்தைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தை நிறையச் செய்கின்றன. அந்தப் புரதம் நாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அந்தக் கலங்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோயில் நாக மாத்திரை மருந்தாவது இந்தக் குணத்தால்தான். அதே மாத்திரையை வெள்ளைத் தழும்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தொடர்ந்து விழுங்கினால் குருதிச்சோகையும் கால்களில் மரமரப்பும் வரலாம். சமநிலை என்ற சொல் இங்கேதான் பொருள் பெறுகிறது. துளியளவே தேவைப்படும் இத்தகைய சுவட்டு மூலகங்களில் சில குடலில் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுகின்றன. ஒன்றைத் தள்ளி ஏற்றினால் இன்னொன்று வெளியே நிற்கும்.

இரத்தினபுரியில் இன்னொரு உவமையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொரண்டம் என்ற கனிமம் தூய நிலையில் நிறமற்றது. அதில் துளியளவு இரும்பும் தைத்தானியமும் சேர்ந்தால் நீலக்கல், குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம். கல்லுக்குச் சரியாக வரும் இந்தக் கணக்கைத் தோலுக்கும் போடும்போது பிழை நேர்கிறது. கல்லில் உலோகமே நிறமாக நிற்கிறது. தோலில் உலோகம் வேலையாள் மட்டும், நிறம் வேறு பொருளால் ஆனது. இரண்டு வேலையாள் தேவையான இடத்தில் இருபது பேரை அனுப்பினால் சாயம் பத்து மடங்காகிவிடாது. நொதியம் எவ்வளவு இருக்கிறது, அதை எவ்வளவு வேலை செய்யவிடுவது என்பதைக் கலமும் பரம்பரையும் சூரிய ஒளியும் ஓமோன்களும் தீர்மானிக்கின்றன. கொழுந்து மலையிலும் இறப்பர் மலையிலும் வெயிலில் நிற்கும் முகமும் புறங்கையும் கறுப்பது ஒளியின் வேலை. கர்ப்ப காலத்தில் கன்னத்தில் படியும் மங்கு ஓமோனும் வெயிலும் சேர்ந்து செய்வது.

தோட்டங்களைப் பொறுத்தவரை தோலின் தோற்றத்தோடு மிக நெருங்கிய தொடர்புடைய மூலகம் இரும்பு. இரும்பு குறைந்தால் மெலனின் குறைவதில்லை. தோலின் கீழே ஓடும் குருதியின் சிவப்பு குறைகிறது. மாநிறத் தோலில் இந்த வெளிறலைக் கன்னத்தில் தேடினால் தெரியாது. மினுக்கம் போய்ச் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். கீழ் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை ரேகைகள், நகத்தின் அடி ஆகியவற்றைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கிளினிக்கில் மருத்துவிச்சி இமையை இழுத்துப் பார்ப்பது அதற்காகவே. பழைய சித்த நூல்கள் இந்த வெளிறலுக்குப் பாண்டு என்று தனிப்பெயர் கொடுத்து, தோல் வெளுக்கும் வெண்படையிலிருந்து அதைப் பிரித்து வைத்திருக்கின்றன. இன்றைய பேச்சு வழக்கில் இரண்டும் சேர்ந்து, "உடம்பு வெளுத்துப் போச்சு" என்ற ஒரே வாக்கியமாகிவிட்டது.

தோட்டங்களில் இரும்பு இழப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1916இல் ரொக்கபெல்லர் அமைப்பின் சுகாதாரக் குழு இலங்கையில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையை மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று வேலை செய்த கூலிகளின் பாதத் தோல் வழியே புழு ஏறி, குடலில் கௌவிக்கொண்டு நாளெல்லாம் குருதி குடித்தது. ஒரு புழு குடிப்பது ஒரு துளி அளவுதான், ஆனால் நூற்றுக்கணக்கில் இருந்தால் இரும்புக் கையிருப்பு கரைந்துவிடும். புழுவுக்கு மருந்து கொடுத்தாலும் கக்கூஸ் கட்டாத லயத்தில் மறுபடி தொற்றியது. தோட்ட நிர்வாகங்கள் கக்கூஸ் கட்டும் செலவுக்குக் கையை இறுக்கிக்கொண்டிருந்தன என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. இன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு இரும்பு, போலிக் அமிலம், விற்றமின் சி மாத்திரைகளும் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1973இல் தொடங்கிய திரிபோஷ மாவில் சோளத்தோடும் சோயாவோடும் தாதுக்களும் விற்றமின்களும் சேர்க்கப்படுகின்றன.

இரும்பைக் கெடுக்கும் இன்னொரு பொருள் தேத்தண்ணியேதான். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல் நுனி கறுத்திருப்பதைக் காணாதவர் இல்லை. இலைச்சாறு காற்றில் ஒட்சியேறி ஒரு கறுப்பைத் தரும். இரும்புக் கத்தியோ இரும்புச் சட்டியோ பட்டால் துவர்ப்புப் பொருள் இரும்போடு பிணைந்து மையைப் போன்ற இன்னொரு கறுப்பு வரும். அந்தக் காலத்து எழுதும் மை இந்தப் பிணைப்பால் ஆனதுதான். வயிற்றுக்குள்ளும் அதே பிணைப்பு நடக்கிறது. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு உடனே சாயத்தண்ணி குடித்தால், ரொட்டியிலும் கீரையிலும் பருப்பிலும் இருந்த இரும்பின் பெரும்பங்கு துவர்ப்போடு பிணைந்து உடம்பில் சேராமல் போகிறது. தென்னாபிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்தி 1975இல் வெளியிட்ட ஆய்வில், தேநீரோடு உண்ட ரொட்டியிலிருந்து உறிஞ்சப்பட்ட இரும்பு, தண்ணீரோடு உண்டபோது கிடைத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. மீன், இறைச்சியில் உள்ள இரும்பை இது அவ்வளவாகத் தீண்டுவதில்லை. கோதுமை மா ரொட்டியும் மரக்கறியுமே அன்றாட உணவான வீட்டில் பாதிப்பு கூடுதல்.

தேத்தண்ணியை விடச் சொல்வது தோட்டத்தில் நடக்கிற பேச்சல்ல. அது தேவையும் இல்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட்டால் இழப்பு நன்றாகக் குறையும். சாப்பாட்டோடு தேசிக்காய், நெல்லி, கொய்யா போன்ற ஏதாவது சேர்ந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். சம்பலில் பிழியும் தேசிக்காய்க்கு ருசியைத் தாண்டியும் ஒரு வேலை இருக்கிறது. மலையில் நேரம் பார்த்து வேலை செய்யும் பெண்ணுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் ஒரே இடைவேளையில்தான் கிடைக்கின்றன என்பது சிக்கல். அதை அவளுடைய பழக்கத்தின் குற்றமாக்க முடியாது. கிளினிக்கில் வாங்கிய இரும்பு மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்காமல் தண்ணீரோடு விழுங்குவது மட்டும் அவள் கையில் இருக்கிறது.

இரும்பு மிகுந்தால் தோல் எதிர்த்திசையில் மாறுகிறது. தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பை குருதியோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு இயல்பான வழி இல்லை. ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிவதோடு தோலிலும் படிந்து, மெலனின் உற்பத்தியையும் தூண்டிவிடுகிறது. தோல் வெண்கலமும் சாம்பலும் கலந்த நிறத்துக்குப் போகிறது. இலங்கையில் இந்நோய்க்கான பெரிய சிகிச்சை நிலையம் கேகாலையை அடுத்த குருநாகலில் இருக்கிறது. நோயின் ஒரு மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் லேசான சோகையோடு சாதாரணமாக வாழ்கிறார்கள். அவர்களுடைய சோகைக்கு இரும்புக் குறைவு காரணம் அல்ல. குருதிப் பரிசோதனை செய்யாமல் வெளிறிய பிள்ளை எல்லாவற்றுக்கும் கடையில் இரும்பு டொனிக் வாங்கி ஊற்றக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இது.

தமிழ் மண்ணோடு தொடர்புள்ள ஒரு கண்டுபிடிப்பு கோபாற்று என்ற உலோகத்தைப் பற்றியது. விற்றமின் பி12இன் மையத்தில் இருப்பது ஒரு கோபாற்று அணு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் அவருடைய குழுவினரும், பி12 குறைந்த நோயாளிகளின் விரல் மூட்டுகளிலும் உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் கறுப்பு படர்வதைக் கவனித்து 1963இல் எழுதினார்கள். பி12 கொடுத்ததும் சில வாரங்களில் கறுப்பு மங்கியது. இங்கே ஒரு சத்து குறைந்ததால் தோல் கறுத்திருக்கிறது, வெளுக்கவில்லை. பி12 விலங்குணவில் மட்டுமே கிடைப்பது. இறைச்சி, மீன், முட்டை, பால் எப்போதாவதுதான் என்ற வீடுகளில் விரல் முட்டி திடீரென்று கறுத்தால் வெயில் என்று விட்டுவிடாமல் காட்டுவது நல்லது. நாக்கு புண்ணாகிச் சிவந்து வழவழப்பாவதும் கைகால் மரமரப்பும் கூட வரலாம்.

சப்பிரகமுவ ஈரவலயத்து மலைநாடு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழை மண்ணில் கரையக்கூடியதைக் கழுவிக் கொண்டுபோய், இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண்ணை விட்டுவைக்கிறது. அப்படிக் கழுவுண்டவற்றில் ஒன்று அயடீன். கழுத்துக் கழலை நாட்டின் தென்மேற்கில் நெடுங்காலம் பரவலாக இருந்ததோடு அது தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது நாடு முழுவதும் நடைமுறையானது. அயடீன் குறைந்து தைரொயிட் சோம்பினால் தோல் வறண்டு, வெளிறி, லேசாக மஞ்சள் தட்டும். மஞ்சளுக்குக் காரணம் கரட், கீரைகளில் உள்ள கரோட்டினை உடம்பு மெதுவாக மாற்றுவது. பொன்னாங்காணி தின்றால் மேனி பொன்னாகும் என்று வைத்தியர்கள் சொல்லிவந்ததற்கும் இந்தக் கரோட்டினுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

செலெனியத்தின் கதை இதைவிட விசித்திரமானது. இலங்கை, பிரித்தானிய மண்ணியல் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலர்வலயத்தைவிட ஈரவலய மண்ணில் செலெனியம் கூடுதல். ஆனால் அது களிமண்ணோடும் இரும்பு ஒட்சைட்டோடும் இறுகக் கட்டுண்டிருப்பதால் பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம். பெண்களின் தலைமயிரை ஆராய்ந்தபோது கணிசமானோரிடம் செலெனியம் குறைவாக இருந்தது. செலெனியம் மெலனோசைட்டை ஒட்சியேற்றச் சேதத்திலிருந்து காக்கும் நொதியங்களுக்கு வேண்டியது. வாய்வழி உண்ண முடியாமல் நாளம் வழியே மட்டும் நீண்டகாலம் ஊட்டப்பட்ட பிள்ளைகளின் தோலும் முடியும் வெளிறியதை 1980களில் கண்டார்கள். கரைசலில் செலெனியம் சேர்த்ததும் நிறம் திரும்பியது. அவ்வளவு கடுமையான குறைவு சாப்பிட்டு வாழும் மனிதருக்கு அநேகமாக வருவதில்லை. கடல்மீனும் முட்டையும் தேங்காயும் செலெனியம் தருபவை. மலையில் கிடைக்கும் கடல் என்றால் அது நெத்தலிக் கருவாடுதான்.

நாகம் குறைந்தால் தோலில் முதலில் வருவது புண்ணும் சிவப்பும். வாயைச் சுற்றியும் விரல்களிலும் மலவாயிலைச் சுற்றியும் தோல் உரிந்து, ஆறிய இடத்தில் கறுப்பாகவோ வெளுப்பாகவோ தடம் விடும். முடி உதிரும். திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வரும் பிள்ளைகளிடம் இது கவலைக்குரியது, ஏனென்றால் ஒவ்வொரு வயிற்றோட்டத்திலும் நாகம் வெளியேறுகிறது. ஜீவனி கரைசலோடு 10 முதல் 14 நாளுக்கு நாக மாத்திரை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதற்காக. நகத்தில் விழும் வெள்ளைப் புள்ளி மட்டும் நாகக் குறைவையோ கல்சியக் குறைவையோ காட்டுவதில்லை. அநேகமாக அது எப்போதோ விரல் எங்காவது இடிபட்டதன் தடம்.

லயத்துப் பிள்ளைகளின் கன்னத்தில் தெரியும் வெளிறிய வட்டங்களைப் பார்த்து "கல்சியம் காணாது", "வயிற்றில் பூச்சி" என்று சொல்வது எங்கும் கேட்கிற பேச்சு. பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஓரம் மங்கி, லேசாகச் செதில் விட்ட வட்டங்கள் வறண்ட தோலில் வரும் சாதாரண அழற்சியின் மிச்சம். எண்ணெய் பூசி வந்தாலே மெல்ல மறையும். முதுகிலும் நெஞ்சிலும் கழுத்திலும் நிறம் மாறிப் பொட்டுப் பொட்டாகத் தூள் உதிர்வது தேமல். சிங்களத்தில் அளுஹம் என்பார்கள். இது மலசீசியா என்ற பங்கசு. வியர்வையும் ஈரமும் நிறைந்த தாழ்நாட்டுத் தோட்டங்களில் அது கொழுக்கும். அந்தப் பங்கசு சுரக்கும் அமிலங்கள் தைரோசினேஸை மந்தமாக்குகின்றன. பங்கசுக்கு மருந்து பூசினால் பங்கசு போய்விடும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் மருந்து வேலை செய்யவில்லை என்று சத்து மாத்திரை பக்கம் போகிறவர்கள் ஏராளம்.

பால்போல் வெளுத்து, ஓரம் துலக்கமாக, செதில் இல்லாமல் பரவுவது வெண்படை. உடம்பின் எதிர்ப்பு ஆற்றல் தன் மெலனோசைட்டுகளையே அழிப்பதால் இது வருகிறது. நோயாளிகளின் குருதியில் செம்பையும் நாகத்தையும் அளந்த ஆய்வுகள் உலகமெங்கும் உண்டு. நாகம் சற்றுக் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. செம்பு விஷயத்தில் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அளவு குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் அளவு குறைந்ததா என்பதும் பிரித்தறியப்படவில்லை. பட்டறையே அழிந்த இடத்தில் செம்பைக் கொண்டுபோய்க் கொட்டிப் பயனில்லை என்பது மட்டும் உறுதி. பூசும் மருந்துகளும் ஒளிச் சிகிச்சையுமே பலன் தருபவை. சித்த வைத்தியத்தில் வெண்படைக்குப் பயன்படும் கார்போகரிசியில் சோரலென் என்ற, ஒளியோடு சேர்ந்து வேலை செய்யும் பொருள் இருக்கிறது. அளவு தவறினால் அதுவே தோலைச் சுட்டுவிடும். வெண்படையோடு தைரொயிட் கோளாறும் சேர்ந்து வரலாம் என்பதால் அதையும் சோதிப்பது வழக்கம். இறப்பரோடு தொடர்புள்ள ஒரு வகையும் உண்டு. இறப்பர் கையுறைகளில் சேர்க்கப்பட்ட ஒரு இரசாயனத்தால் அமெரிக்கத் தோல் பதனிடும் தொழிலாளரின் கைகள் வெளுத்ததை 1939இல் கண்டறிந்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் தவறவிடக் கூடாதது, வெளிறிய அல்லது செந்நிறப் படையில் தொடுகையோ சூடோ உணராமல் போவது. அது தொழுநோயாக இருக்கலாம். இலங்கையில் ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள், சிகிச்சை முழுக்க இலவசம், தொடங்கியதும் மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளின் தோல் கிளினிக்குகளில் பஞ்சால் தொட்டுப் பார்ப்பதே முதல் சோதனை. தேமல் என்றும் சத்துக் குறைவு என்றும் வீட்டிலேயே தீர்ப்பெழுதி இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடப்படும் படைகளில் சில, விரல் மடங்கிய பிறகு அந்தக் கிளினிக்குக்கு வந்து சேர்கின்றன.

சுவட்டு உலோகம் ஒன்று தோலின் நிறத்தை நேரடியாக, வேகமாக மாற்றும் இடம் ஒன்று உண்டு. அது சந்தைகளிலும் சின்னக் கடைகளிலும் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம். சிலவற்றில் பாதரசம் சேர்க்கிறார்கள். பாதரசம் தைரோசினேஸின் நடுவில் செம்பு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மெலனின் ஆக்கம் தடைபடுகிறது. முகம் சில வாரங்களில் வெளுப்பதால் வாங்கியவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. தோல் வழியே உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் தங்கி, வடிகட்டியைக் கெடுத்து, புரதத்தைச் சிறுநீரில் கசியவிடுகிறது. கால் வீங்கி, முகம் ஊதி, காரணம் தெரியாமல் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் உண்டு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய கிறீம்களில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருப்பதை 2020க்குப் பின் தடுத்தது. பிடிபடும் டப்பாக்களில் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருப்பதும் உண்டு. டப்பாவின் மேல் உற்பத்தி செய்த இடமும் சேர்மானங்களும் அச்சிடப்படாமல் இருப்பது, வெள்ளிப் பாத்திரத்தோடும் நகையோடும் படவேண்டாம் என்று எழுதியிருப்பது ஆகியவை பாதரசத்தின் அடையாளங்கள். பூசுவதை நிறுத்தியதும் புதிதாகச் சுரக்கும் நொதியத்தில் செம்பு பழையபடி வந்து அமரும், தோல் தன் பழைய நிறத்துக்கோ அதைவிடக் கறுப்புக்கோ திரும்பும். சிறுநீரகம் தேற அதைவிட அதிகக் காலம் பிடிக்கும்.